ஓரக்கண்ணில் சுற்றிய சக்கரம்

அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையின் போர்மேன் போன் செய்தபோது நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன்.

"மும்தாஜ் அக்கா, நீங்க அச்சடிச்சு அனுப்புன சக்கரப் பெட்டி மையில என்னமோ வாடை இருக்கு போல. ஒரு பொம்பளை மயங்கி விழுந்துட்டா."

அப்படியே டப்பாவை மூடிவிட்டேன்.

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷம் டிசைனராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பட்டாசு லேபிளில் நான் போடாத சாமி இல்லை, புலி இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என் நல்ல டிசைன்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் வசமாக மாட்டிக்கொண்ட டிசைனைப் பற்றிச் சொல்கிறேன்.

1. பெட்டி சுத்தணும்

அந்த சீசனுக்குத் தரைச்சக்கரப் பெட்டி ஆர்டர் கொண்டுவந்தார் ஆலை முதலாளி. "எல்லாவனும் தீப்பொறிதான் போடுதான். நம்ம பெட்டி கடை அலமாரியில இருக்கும்போதே சுத்தணும். முடியுமா, சொல்லுங்க" என்றார்.

முடியும் என்றேன். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன இலை வடிவங்களை வட்டம் வட்டமாக அடுக்க வேண்டும். இலைக்கு இலை கறுப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று ஒரே வரிசையில் நிறம் வர வேண்டும். அந்த வரிசைதான் கண்ணை ஏமாற்றுகிறது. அடுத்த வட்டத்தில் வரிசையைத் திருப்பிப் போட்டால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். இன்னொன்றும் உண்டு. நேராகப் பார்க்கிற வட்டம் நின்றுவிடும், ஓரக்கண்ணில் படுகிற வட்டம்தான் சுற்றும்.

ஒன்பது நாள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. ப்ரூஃப் வந்ததும் மேஜையில் ஒரே ஒரு பெட்டியை மடித்து வைத்தேன். "யம்மா, என்ன கண்கட்டு வித்தை இது!" என்றார் ஆலை முதலாளி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

2. மரத்தடியில் முத்துலட்சுமி

போர்மேன் போன் வந்து நான் ஆலைக்குக் கிளம்பும்போது எங்கள் அச்சக முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மையில கோளாறு இல்லைன்னு மட்டும் சொல்லிட்டு வந்துருங்க. டிசைனப் பத்தி வாயத் தொறந்துறாதீக. லோடு அம்புட்டும் திரும்பி வந்துரும்."

போர்மேன் கேட்டிலேயே நின்றார். "விழுந்தவ பேரு முத்துலட்சுமி. மத்த பதினோரு பேரும் ஒண்ணும் இல்லங்கிறாக. இவளுக்கு மட்டும் என்னக்கா? வெடிமருந்து இருக்குற எடத்துல மயங்கி விழுறவள வச்சுக்கிட்டு நான் எப்படி வேலை பாக்க? நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் பயம் அவருக்கு.

முத்துலட்சுமி வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் வேலைக்குப் போனால்தான் வீட்டில் உலை வைக்க முடியும். அழுது முடித்திருந்தாள்.

"வாடையெல்லாம் இல்லக்கா. பெட்டிதான் ஓடுது. சொன்னா சிரிக்காக."

கொஞ்ச நேரம் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று போர்மேனிடம் கேட்டேன். செருப்பையும் போனையும் வெளியே வைத்து, உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்க வாசலில் இருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு பேக்கிங் அறைக்குள் போனேன்.

அவள் இடத்துக்கு இடப்பக்கம் காலி அட்டை அடுக்கு. வலப்பக்கம் மடித்த பெட்டிகள். எதிரே முடிந்த பெட்டிகள், நெஞ்சு உயரத்துக்கு. எல்லாமே படம் தெரிகிற மாதிரி. குனிந்து கையைப் பார்த்து ஒரு பெட்டியில் சக்கரங்களை அடுக்கினேன். இரண்டு பக்கமும் படம் ஓட ஆரம்பித்தது. இடப்பக்கம் திரும்பினால் அது நிற்கிறது, வலப்பக்கம் சுற்றுகிறது. நேராகப் பார்க்க ஒரு பெட்டி, ஓரக்கண்ணில் நானூறு பெட்டி. கால்மணி நேரத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள். "எங்களுக்கும் அப்படித்தான்க்கா இருக்கு. சொன்னா எங்களையும் அனுப்பிருவாக."

வெட்கமாக இருந்தது. ஒன்பது நாளில் ஒரு தடவைகூட இவர்களை நான் நினைக்கவில்லை. எங்கள் முதலாளி சொல்லி அனுப்பியதும் ஞாபகம் வந்தது. வேப்பமரத்தடியும் ஞாபகம் வந்தது.

வெளியே வந்து போர்மேனிடம் சொன்னேன். "அண்ணாச்சி, மையில ஒண்ணும் இல்ல. முத்துலட்சுமி ஒடம்புலயும் கோளாறு இல்ல. தப்பு என் படத்துல. நம்பலைன்னா நீங்களே பத்து நிமிசம் அங்கன உக்காந்து பாருங்க."

ஆறாவது நிமிஷம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நேராக மரத்தடிக்குப் போனார். "ஏத்தா, நாளைக்கு வந்துரு" என்றார்.

லோடு திரும்பி வரவில்லை. காலி அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கச் சொன்னேன். முடிந்த பெட்டிகளைப் படம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்து, மேலே காக்கிக் காகிதம் போர்த்தினார்கள். அவ்வளவுதான் வைத்தியம். எங்கள் முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே எனக்கு டீ சொன்னார்.

அதற்குப் பிறகு எந்த டிசைன் என்றாலும் நாற்பது பிரதி எடுத்து என்னைச் சுற்றி ஒட்டிவைத்து, நடுவில் உட்கார்ந்து ஒருநாள் வேலை பார்த்த பிறகுதான் ப்ரூஃபுக்கு அனுப்புவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஆர்டர் தருகிறவர் ஒரு பெட்டியைத்தான் பார்ப்பார்.

அடுத்த வாரம் மறுபடி ஆலைக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் முத்துலட்சுமி என்னிடம் வந்தாள். "அக்கா, அந்த அட்டை ஒண்ணே ஒண்ணு குடுப்பீகளா?" என்று கேட்டாள். பையில் இருந்த ப்ரூஃப் அட்டையைக் கொடுத்தேன். அதை வேப்பமரத்தில் சாத்தி வைத்து, நாலடி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"யக்கா, நெசமாவே அழகாத்தான் சுத்துது."

அத்தனை ஆயிரம் பெட்டி போட்டவள், அன்றைக்குத்தான் என் படத்தைப் பார்த்தாள்.