கிழங்கு ஏன் வெளியே?

இன்று மாலை எங்கள் செந்தூல் பக்கம் நல்ல மழை. தெங்கிரி மீனைப் பேஸ்ட்ரி மாவில் சுற்றி ஓவனில் வைத்துவிட்டு, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றேன்.

மஞ்சள் வெளிச்சத்தில் மாவு மெல்ல உப்பியது. வெண்ணெய் மணம் பரவப் பரவ, எங்கள் ஃப்ளாட் ஏதோ தூர தேசத்துக் கடற்கரை வீடாகிவிட்டது. அலைச் சத்தம்கூடக் கேட்டது.

வேலை முடிந்து வந்த கணவர் தட்டையே பார்த்தார். மீனுக்குப் பக்கத்தில் சூடான உருளைக்கிழங்கு சாலட்.

"என்னம்மா, இவ்ளோ பெரிய கறிபாப்!"

"கறிபாப் இல்ல லா. இது வெள்ளைக்காரங்க சாப்பாடு."

"அப்ப கிழங்கு ஏன் வெளிய கிடக்கு? கறிபாப்ல மாதிரி உள்ளதானே இருக்கணும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். கடலைக் காணோம். எதிர் ஃப்ளாட்டில் யாருடைய துணியோ நனைந்துகொண்டிருந்தது.

அவர் மாவைப் பிளந்து, கிழங்கை உள்ளே திணித்து, எனக்கு ஒரு வாய் ஊட்டினார்.

அலைச் சத்தம் மறுபடி கேட்டது.

கிழங்கு உள்ளே இருந்தால்தான் ருசி என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து இந்தப் பதிவில் யாரும் அவரை டேக் செய்துவிடாதீர்கள்.