மூடச் சொல்லி ஒரு வழக்கு

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தால் உள்ளே வரிசையாகக் காகிதப் பொட்டலங்கள். கோயிலில் விபூதி மடித்துக் கொடுப்பார்களே, அதே மடிப்பு. ஆனால் ஒன்றில்கூட விபூதி கிடையாது. எல்லாம் தூசி. ஊருக்கு மேற்கே பாறையை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷரிலிருந்து பறந்து வந்து எங்கள் மொட்டைமாடியில் இறங்கிய தூசி. அம்மா தினமும் ஒரு எவர்சில்வர் தட்டை மாடியில் வைத்து, மறுநாள் காலை அதில் படிந்ததை வழித்து மடித்து, மேலே தேதியும் கிழமையும் எழுதி வைப்பாள். வக்கீல் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்.

ஒருமுறை அரிமளத்திலிருந்து வந்திருந்த மாமா, குளித்த கையோடு ஒரு பொட்டலத்தைப் பிரித்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். மிச்சத்தில் ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டு, இது எந்தக் கோயில் விபூதி, பல்லில் நறநறவென்கிறதே என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அடப்பாவி, அது வெள்ளிக்கெழமத் தூசிடா" என்றாள். அந்த வருஷம் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இலுப்பூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா சிங்கப்பூரில் இருந்தார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா ஜாக்கெட் தைப்பாள். கறுப்புத் துணியை வெட்டிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் அது சாம்பல் நிறமாகியிருக்கும். எனக்கோ மூச்சு இரைப்பு. தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பஞ்சாயத்து ஆபீசில் சொன்னாள், தாலுகா ஆபீசில் சொன்னாள், புதுக்கோட்டைக்குப் போய்த் திங்கட்கிழமை மனுநாள் வரிசையில் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் விராலிமலை போய் மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டாகிவிட்டது. பொதுநல வழக்கு என்று அதற்குப் பெயர். பொதுவில் ஒருத்தருக்கும் அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கிரஷரை மூடச் சொல்லியா கேஸ் போட்டிருக்கிறாய் என்று குழாயடியில் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "ஆமா, மூடணும்னுதான் போட்டுருக்கேன். மூடுற வரைக்கும் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் குடம் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் சேதி ஊரைச் சுற்றிவிட்டது.

ஊரில் பாதிப் பேருக்குக் கிரஷரில்தான் வேலை. கோயில் திருவிழாவில் மைக்செட்டும் அன்னதானமும் கிரஷர் முதலாளி உபயம். அதற்காக யாரும் கூட்டம் போட்டு எங்களை ஒதுக்கி வைக்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். தைக்கத் துணி வருவதும் நின்றுபோனது. ஊரோடு பகைக்கின் வேரோடு கெடும் என்று அப்பா சிங்கப்பூரிலிருந்து போனில் சொன்னார். அத்தனை தூரத்திலிருந்து சொல்வதற்கு நல்ல பழமொழிதான்.

பேச ஆள் இல்லாததால் அம்மா என்னிடம் பேசினாள். வக்கீல் என்ன சொன்னார், மதுரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள், எல்லாம் எனக்கு ஒப்பிப்பாள். நான் ம் கொட்டுவேன். என் காதில் எதுவும் ஏறாது. எனக்கு என் கவலை.

என் கவலையின் பெயர் பவித்ரா. அஞ்சாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவளுடைய அப்பா கிரஷரில் டிப்பர் லாரி ஓட்டினார். சத்துணவு முட்டையில் வெள்ளை அவளுக்கு, மஞ்சள் எனக்கு என்று நாங்கள் பங்கு பிரித்து வைத்திருந்தோம். வழக்கு வந்த பிறகு அவள் முன்பெஞ்சுக்கு மாறிவிட்டாள். எனக்கு அவளுடைய ரெட்டைச் சடை மட்டும் தெரிந்தது. முழு முட்டையும் இப்போது எனக்கே. வெள்ளையை விழுங்கும்போது அழுகை வரும். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்றுமுடிப்பேன். அந்த வயதில் அவ்வளவு தனியாக ஒரு பிள்ளை இருக்கக்கூடாது.

அப்போதுதான் கமிஷனர் வருகிறார் என்று ஊர் பரபரத்தது. நேரில் பார்த்து எழுதிக்கொண்டு வர கோர்ட்டே ஆளை அனுப்புகிறதாம். கமிஷனர் என்றால் துப்பாக்கி வைத்த போலீஸ்காரர் என்று நினைத்தேன். அவர் வருவதற்கு முந்தைய நாள் கிரஷர் ஓடவில்லை. தண்ணீர் லாரி ஒன்று வந்து ரோட்டைக் கழுவியது. குழாயைத் தூக்கிப் பிடித்து வேப்பமரங்களையும் குளிப்பாட்டினார்கள். எங்கள் தெரு வேப்பமரம் இவ்வளவு பச்சை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பவித்ரா என் பின்னாலேயே ஓடி வந்தாள். பேசி ஐந்து மாசம் இருக்கும்.

"நாளைக்கு ஒன்னையக் கேட்டா தூசி வராதுன்னு சொல்லிரு. கிரஷர மூடுனா நாங்க திருப்பூருக்குப் போயிருவோம்."

அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷம் ஒரு பக்கம், திருப்பூர் என்ற பயம் ஒரு பக்கம்.

மறுநாள் வந்த கமிஷனரிடம் துப்பாக்கி இல்லை. ஒல்லியாக ஒரு இளவயது வக்கீல். கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்து விறுவிறுத்து நின்றார். கூடி நின்ற எல்லாரும் தூசியா, இங்கேயா என்றார்கள். அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் என் பக்கம் குனிந்து, பாப்பாவுக்குத் தெரியுமா இதெல்லாம் என்ன என்று கேட்டார். கூட்டத்தில் பவித்ரா நின்றுகொண்டிருந்தாள்.

"அடுப்புச் சாம்பல் சார். தூசியெல்லாம் வராது" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அவர் பேனாவை மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. அது அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. பொட்டலங்களைத் தேதி வாரியாகத் திரும்ப அடுக்கினாள்.

"எழுதிக்கங்க சார். அவளும் இந்த ஊருக்காரிதானே" என்றாள்.

முதுகில் நாலு வைப்பாள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். வைக்கவில்லை. தோசை ஊற்றினாள். அப்பாவிடம் போனில், பாப்பாவிடமும் கேட்டார்கள், பயப்படாமல் பதில் சொன்னாள் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு வழக்கைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மதுரைக்குப் போகிற நாளில் நூல்கண்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். தொல்லை விட்டது என்று இருந்தேன். பவித்ரா பழைய பெஞ்சுக்கு வந்துவிட்டாள். முட்டை மறுபடி இரண்டானது.

அடுத்த வருஷம் தீர்ப்பு வந்தது. அம்மா ஜெயித்திருந்தாள். பவித்ரா திருப்பூர் போகப்போகிறாள் என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன். ஆனால் கிரஷர் நிற்கவில்லை. கல் உடைக்கிற மிஷினைச் சுற்றி உயரமாகத் தகரம் அடித்தார்கள். ஜல்லி ஏறிப்போகிற பெல்ட்டுக்கு மேலேயும் தகர மூடி வந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. தூசி மட்டும் குறைந்தது.

மாடியில் தட்டை எடுக்கப் போன அம்மாவின் பின்னாலேயே போய், கிரஷரை மூடச் சொல்லித்தானே வழக்குப் போட்டாய், இன்னும் ஓடுகிறதே என்று கேட்டேன். அம்மா கிரஷர் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதான் மூடியாச்சே. மேல சுத்தி மூடிட்டு ஓட்டிக்கன்னுதான் மொதல்லேருந்தே கேட்டேன். சோத்துப்பானைய மூடிவைன்னா சோறு திங்காதன்னா அர்த்தம்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன, ஐந்து மாசம் ஒருத்தியும் என்னோடு பேசவில்லையே என்றேன்.

"யாரு கேட்டா?" என்றாள் அம்மா.

ஊர்க்காரர்களைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கீழே பவித்ரா கூப்பிட்டாள். ஓடிவிட்டேன்.