மஞ்சள் பைக்குக் கிடைத்த சீட்டு

என் மகள் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை ஒன்று, திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பேட்டை வரை பஸ்ஸில் ஒய்யாரமாக உட்கார்ந்து வந்தது. அடிவயிற்றுத் தையல் ஆறாத நான் அதன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் பள்ளிக்கூடம் சேரன்மகாதேவிப் பக்கம். நானும் இன்னொரு டீச்சரும் ஒன்றாகப் போய்வருவோம். பஸ் நின்ற பிறகு ஏறி ஜங்ஷனில் யாரும் இடம் பிடித்ததில்லை. வண்டி உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியே துண்டையோ பையையோ எறிந்துவிட வேண்டும். எறிந்தவருக்குத்தான் சீட்டு. ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் சேர்த்து ஓடினது நான்தான். அவள் கடைசி நிமிஷத்தில், தலையில் பூவைச் செருகிக்கொண்டே வந்து சேர்வாள். அவளுக்காக எத்தனை பேரிடம் "ஆள் வருது" என்று மூஞ்சியைத் திருப்பியிருப்பேன்! கால் வீங்கிய ஒரு அம்மா, "ஆளு வந்ததும் எந்திரிச்சிருதேன் தாயி" என்று கெஞ்சியும் விடவில்லை. அந்தப் பாவம் என் தலையில்தான்.

கர்ப்பப்பை ஆப்பரேஷன் முடிந்து, இருந்த லீவெல்லாம் தீர்ந்துபோனது. "பஸ்ல நின்னுக்கிட்டு மட்டும் போயிராதீங்க, தையல் தாங்காது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறுபடி வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுக்கு போன் போட்டேன்.

"யக்கா, நான் இருக்கும்போது எதுக்குக் கவலப்படுதிய? நீங்க பைய வாங்க. சீட்டு போட்டு வைக்கேன்" என்றாள்.

பையப் பையத்தான் போனேன். ஜன்னலோரம் அவள்; பக்கத்தில் எங்கள் வீட்டு மஞ்சள் பை. மனசு குளிர்ந்துவிட்டது. உட்காரலாம் என்று பையை எடுக்கப் போனேன். அவள் அதை அமுக்கிப் பிடித்தாள்.

"யக்கா... ஆள் வருது."

என்னிடம்!

"யாருட்டி வாரா?"

"புது ஹெச்.எம். மேடம். பேட்டையில ஏறுவாவளாம். திடீர்னு போன் பண்ணிட்டாவ. மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"பேட்டை வரைக்குமாவது இருக்கேன்ட்டி. நிக்க முடியல."

"பொறவு மேடத்துக்கு முன்னால ஒங்கள எப்படி எந்திரிக்கச் சொல்லுவேன்? நல்லாவா இருக்கும்?"

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். தினமும் பார்க்கிற அதே டீக்கடைதான் அங்கே இருந்தது. வேறு யாரிடமாவது இடம் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கேட்டுப் பழகியிருந்தால்தானே! டிரைவர் ஒவ்வொரு முறை பிரேக் போட்டபோதும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டேன்.

பேட்டையில் ஹெச்.எம். ஏறினார். பை அவள் மடிக்குப் போனது. உட்கார்ந்த பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்குத்தான டீச்சர் ஆப்பரேசன்? நிக்கியளே!" என்று பாதி எழுந்துவிட்டார்.

அவள் அவர் கையைப் பிடித்து அமர்த்தினாள். "நீங்க இருங்க மேடம். அக்காவுக்கு இப்ப எல்லாம் தேவலயாயிட்டு."

அவர் உட்கார்ந்துவிட்டார். சீட்டு போடாததைக்கூட மன்னித்திருப்பேன். என் வயிறு தேறிவிட்டதென்று அவள் எப்படிச் சொல்லலாம்? பத்தமடை தாண்டியும் கம்பியை விடாமல் நின்றே வந்தேன்.

இறங்கியதும், ஹெச்.எம். முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"யக்கா, கோவப்படாதிய. ஒங்களமாதிரி ஓடி எறிய எனக்கு வராதுக்கா. ஒடம்பு நல்லாத் தேறினதும் நம்ம மூணு பேருக்குமாச் சேத்து நீங்களே சீட்டு போட்டுருங்க, என்ன?"

மஞ்சள் பையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டில் அதில் வெங்காயம் கிடக்கிறது.