ஊறாத பீப்பாய்கள்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷன், ஒரே ஒரு பொய்யை முப்பது நாள் விடாமல் சொன்னார்.

துறைமுகத்துக்குப் பின்தெருவில் எங்கள் பட்டறை. கப்பல்களுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் செய்வார். பலகைகளை நெருப்பில் வாட்டி வளைத்து, இரும்பு வளையம் மாட்டி, ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி வைப்போம். மரம் ஊறிப் பருத்தால்தான் இடுக்கு அடைபடும். ஊறாத பீப்பாய் ஒழுகும். கழுவுவதும் நிரப்புவதும் என் வேலை. அவரைத் திட்டுவதும் என் வேலைதான்.

ஒரு நாள் ஒரு கேப்டன் வந்து எண்பது பீப்பாய் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். இவர் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"அவன் கப்பல்ல மொத்தமே இருபது பேரு. பன்னெண்டு பீப்பாய் போதும். எண்பது எதுக்கு?"

எதுக்கு என்று எனக்கா தெரியாது! அக்கரையில் ஆட்களைப் பிடித்து, அடித்தட்டில் அடைத்துக் கொண்டுபோய் விற்பதற்கு. அடிமை வியாபாரத்துக்குத் தடை வந்து அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. தடையெல்லாம் காகிதத்தோடு சரி.

நானே அப்படி வந்தவள். அப்போது எனக்கு ஏழு வயது. இடுப்பில் மூன்று வயதுத் தம்பி. அந்தக் கப்பலில் பீப்பாய்கள் ஒழுகிப்போய், நாளுக்கு அரைக்குவளை தண்ணீர்தான் தந்தார்கள். என் பங்கையும் அவனுக்குக் கொடுத்தேன். போதவில்லை. அவனைக் கடலில் போட்ட மூன்றாம் நாள் ஒரு காவல் கப்பல் எங்களைப் பிடித்து, இந்தத் துறையில் இறக்கி விடுதலை செய்தது. பட்டறையில் பீப்பாய் கழுவ வந்தவள், முதலாளி மகனையே கட்டிக்கொண்டேன்.

மறுநாள் இவர் துறைமுக அதிகாரியிடம் போனார். கருவாடு ஏற்றப் போவதாகத்தான் எழுதியிருக்கிறது என்றாராம் அதிகாரி.

"கருவாட்டுக்குத் தாகம் எடுக்குமாங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போய்யா."

திரும்பி வந்து உளியைத் தூக்கி எறிந்தார். "நான் செய்ய மாட்டேன்."

"நீங்க செய்யலேன்னா எதிர்ப் பட்டறைக்காரன் பச்சை மரத்துல செஞ்சு கொடுப்பான். அது ஒழுகும். அவங்க நாக்கு வறண்டு சாகணுமா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"காத்து திரும்ப இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

மூன்று மாதம் இருந்தது. காற்று திரும்பிவிட்டால் அடுத்த வருஷம் வரை எந்தக் கப்பலும் அந்தப் பக்கம் போக முடியாது.

இரண்டு மாதத்தில் எண்பதையும் செய்து முடித்தோம். கேப்டன் பார்க்க நிரப்பி வைப்போம். அவன் தலை மறைந்ததும் நான் போய்த் தக்கைகளைப் பிடுங்கிவிடுவேன். காலி பீப்பாய் வெயிலில் காய்ந்து சுருங்கும். அவன் வரும் நாளில் மறுபடி நிரப்பினால் சல்லடையாக ஒழுகும்.

"இன்னும் ஊறலைங்க. மரம் நாம சொன்னா கேக்குமா?" என்பார் இவர், காது செக்கச்செவேல் என்று. "நாள் பூரா நெருப்புல நிக்கிறாரே, பாவம்," என்று நான் சமாளிப்பேன். வேறு ஆளைத் தேட அவனுக்கு நாளும் இல்லை.

ஒரு காலையில், கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் எதிர்ப்பக்கமாகப் பறந்தது. காற்று திரும்பிவிட்டது. கேப்டன் வந்து ஏழு பீப்பாயை உடைத்தான். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எந்தக் கப்பல்காரனும் எங்கள் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. துணி துவைக்கும் தொட்டி செய்து பிழைத்தோம்.

அடுத்த வருஷம் அதே கப்பல், எதிர்ப் பட்டறைப் பீப்பாய்களோடு புறப்பட்டது. கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தவர், குழந்தை மாதிரித் தேம்பினார்.

"எல்லாம் வீணாப்போச்சு. ஒரு வருஷம் தள்ளிப்போட்டோம், அவ்வளவுதானே?"

"ஒரு வருஷம் என்ன கொஞ்சமா?" என்றேன். "எங்க கப்பலை யாராவது இப்படி நிறுத்தி வச்சிருந்தா, என் தம்பி இன்னும் ஒரு வருஷம் அம்மா மடியில தூங்கியிருப்பான்."

அன்றைக்கு வெகுநேரம் அவர் என் கையை விடவே இல்லை.