கடைசி மருமகள் வீட்டை விட்டுப் போன மாதம்

வேலையால் வரும் அம்மாவின் தலைமயிரில் எப்போதும் நூல் பிசிறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் நீலம், ஒருநாள் சிவப்பு, சில நாட்களில் இரண்டும். கிட்டப் போனால் புதுத்துணியின் மணமும் மெசின் எண்ணெயின் மணமும் கலந்து வரும். அக்கராயனில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ‘கார்மென்ட் பஸ்’ வந்து நிற்க மாலை ஏழு மணியாகிவிடும். அம்மா நேரே கிணற்றடிக்குப் போய், முதல் வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றும்போதே கேட்பார்: “சொல்லு பிள்ளை, இண்டைக்கு என்ன நடந்தது?”

அவர் கேட்டது பள்ளிக்கூடத்தைப் பற்றியல்ல, தொடர்நாடகத்தைப் பற்றி.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. குளத்தில் தண்ணீர் போதாமல் ஒரு போகம் பொய்த்துப்போக, அப்பாவின் வயலை மட்டும் நம்பி இருக்க முடியாதென்று அம்மா கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் இளம்பெண்கள். அம்மாவின் கை அவர்களுடைய கையைப் போல வேகமாக ஓடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பேச்சு வாங்குவார். பஸ்ஸிலும் முதல் மாதம் நின்றுகொண்டுதான் போனார், ஏனென்றால் இருக்கைகளில் தோழிகளுக்காகப் பைகள் வைக்கப்பட்டிருந்தன.

அந்த நிலையை மாற்றியது தொடர்நாடகம். மூன்று மருமகள்களும் ஒரு மாமியாரும் உள்ள பெரிய வீட்டுக் கதை அது, ஆறரைக்குப் போகும். ஆறரைக்கு அந்தப் பெண்கள் எல்லோரும் பஸ்ஸுக்குள் இருப்பார்கள். டிவி இருந்த வீடுகளிலும் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை. அம்மாவுக்கு நான் இருந்தேன். எதிர்வீட்டு ரஞ்சி மாமியிடம் ‘டிஷ்’ இருந்தது. நான் அங்கே பார்த்து, மாலையில் அம்மாவுக்குச் சொல்ல, அம்மா அதை அடுத்தநாள் காலை பஸ்ஸில் சொல்வார். இரண்டு கிழமைக்குள் நடு இருக்கை ஒன்றில் அவருக்காகப் பை வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ரஞ்சி மாமி வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஓர் அலுமாரியும் இருந்தது. அதற்குள் மாமியின் தம்பி கொழும்பில் வாங்கிச் சேர்த்த துப்பறியும் நாவல்கள். முதலில் விளம்பர நேரத்தில் மட்டும் வாசித்தேன். பிறகு விளம்பரம் முடிந்தது தெரியாமல் வாசித்தேன். ஒருநாள் தலை நிமிர்ந்தபோது நாடகம் முடிந்து செய்தி போய்க்கொண்டிருந்தது. அன்று கிணற்றடியில், பார்க்காத பகுதியை நானே கட்டிச் சொன்னேன்; அம்மா வித்தியாசம் எதையும் கவனிக்கவில்லை. அது அவ்வளவு இலகுவாக இருந்ததுதான் என்னைக் கெடுத்தது.

அதற்குப் பிறகு டிவி தன்பாட்டில் ஓட, நான் கொலைகாரர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: யார் யாரோடு கோபம், யார் ஆஸ்பத்திரியில், யாருடைய நகை யாரிடம். இடப்பக்கத்தில் ‘டிவி’, வலப்பக்கத்தில் ‘நான்’. இடப்பக்கம் நாளடைவில் வெறுமையாகிவிட்டது. வலப்பக்கத்தில் கடைசி மருமகள், எல்லோருடைய எச்சில் கோப்பையையும் கழுவிக்கொண்டிருந்தவள், ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குப் போய்விட்டாள்.

அதை அடுத்தநாள் பஸ்ஸில் சொன்னபோது நடந்ததை அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னார். தொழிற்சாலை வாசல் வந்துகொண்டிருந்ததாம், கதை முடியவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி சாரதியைக் கூப்பிட்டாளாம்: “அண்ணை, பஸ்ஸை மெதுவா விடுங்கோ, அவள் இன்னும் படலை தாண்டேல்லை.” அம்மா அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பொய்யை நிறுத்த முடியாமல் போனதற்கு அந்தச் சிரிப்பையும் ஒரு காரணமாகச் சொல்லலாம். ஆனால் சரியான காரணம், எனக்கு நாவல் முடியவில்லை என்பதுதான்.

ஜெசி அக்கா முல்லைத்தீவுக் கரையிலிருந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் செய்து வந்தவர், வாய் கொஞ்சம் நீளம். காய்ச்சலென்று மூன்று நாள் வேலைக்குப் போகாமல் மச்சாள் வீட்டில் படுத்திருந்தவர், திரும்பிப் பஸ்ஸில் ஏறியதும் கேட்டாராம்: “அக்கா, நீங்கள் சொல்லுறது எந்தச் சேனல்? எங்கடை டிவியிலை அவள் இன்னும் தோசை சுட்டுக்கொண்டெல்லோ நிக்கிறாள்.”

அன்று மாலை அம்மா வாளியைக் கிணற்றுக்குள் விடாமலே கேட்டார்.

“பிள்ளை, அவள் உண்மையா வீட்டை விட்டுப் போனவளோ? நீ வடிவாப் பாத்தனியோ?”

முதற் பொய்களுக்கெல்லாம் சோம்பல் என்று ஒரு பெயர் வைக்கலாம். இதற்கு வைக்க என்னிடம் பெயரில்லை. “ஓம் அம்மா, வடிவாப் பாத்தனான்” என்றேன்.

அடுத்தநாள் அம்மா பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்: “என்ரை பிள்ளை பொய் சொல்லாது. ஜெசி, நீதான் காய்ச்சலிலை கண்ணயர்ந்திருப்பாய்.”

எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருந்த நான் கலண்டரைப் பார்க்க மறந்திருந்தேன். அந்தக் கிழமையின் நடுவில் முழுநிலாப் போயா நாள் வந்தது, தொழிற்சாலைக்கு விடுமுறை. முந்தின போயாவின்போது நான் இதைத் தொடங்கியிருக்கவில்லை. பின்னேரம் அம்மா முகம் கழுவி, தோய்த்த சேலை உடுத்து, மாமிக்குக் கொடுக்க ஒரு பையில் முருங்கைக்காயும் எடுத்துக்கொண்டார். எனக்கு வயிற்றுக்குத்து என்று சொல்லிப் பாயில் சுருண்டேன்.

“அப்ப நீ படு,” என்றார் அம்மா. “நான் பாத்திட்டு வந்து உனக்குச் சொல்லுறன்.”

அதைக் கேட்ட பிறகு படுத்திருக்க முடியவில்லை. எழுந்து பின்னாலேயே போனேன்.

நாடகம் தொடங்கியது. கடைசி மருமகள் தட்டில் தேத்தண்ணி எடுத்து வந்து மாமியாருக்குக் கொடுத்தாள். ரஞ்சி மாமி ஒன்றும் அறியாமல், “பாவம், ரெண்டு மாசமா இவளை அந்தக் குசினியை விட்டு வெளியாலை விடேல்லை,” என்றார். அம்மா “ம்” என்றார். விளம்பரம் உட்படக் கடைசி வரை பார்த்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நாடகத்தின் ஒவ்வொரு காட்சியையும் கண்வெட்டாமல் பார்த்தேன்.

ஒழுங்கையைக் கடக்கும்போது அம்மா கேட்டார்: “நாளைக்கு அவளவைக்கு நான் என்ன சொல்லுறது பிள்ளை?”

அதில் கோபமில்லை. ஒவ்வொரு மாலையும் என்னிடம் கேட்பது போலவே, என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். நான் முன்னால் போய்ப் படலையைத் திறந்தேன்.

பஸ்ஸில் அவர் சொன்ன பதிலை அடுத்த கிழமை கூட்டுறவுச் சங்கக்கடையில் ஜெசி அக்காதான் எனக்குச் சொன்னார்.

“உன்ரை கொம்மா சொன்னவா, பிள்ளை சரியாத்தான் சொன்னவள், நான்தான் நித்திரைத் தூக்கத்திலை மாறி விளங்கிப்போட்டன் எண்டு. நாலு கிழமையாவோ அக்கா நித்திரை எண்டு கேட்டு எல்லாரும் சிரிச்சம். அவாவும் சிரிச்சவா.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, “நீ நல்லாய்த்தான் கதை கட்டுறாய் தங்கச்சி,” என்றார்.

அதன்பின் அம்மா சாரதிக்குப் பின்னாலுள்ள இருக்கையில் இருந்து, யன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தார். கிணற்றடியில் கால் கழுவினார், ஒன்றும் கேட்கவில்லை. நான் அலுமாரிப் பக்கம் திரும்பாமல், ஒரு மாதம் முழுக்க நாடகத்தைக் கொப்பியில் காட்சி காட்சியாகக் குறித்தேன். இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. சொல்வதற்கு ஆள் இருக்கவில்லை. நான் பொய் சொன்னேன் என்று அம்மாவிடம் வாய்விட்டு இன்றுவரை சொல்லவுமில்லை.

இப்போது கொழும்பில் மென்பொருள் பரிசோதகராக வேலை செய்கிறேன். என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், உண்மையில் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அலுவலக வட்ஸ்அப் குழுவில், அந்தக் கிழமை வாசித்ததையும் பார்த்ததையும் ஆளுக்காள் எழுதுவோம். முடிக்காத புத்தகத்துக்குப் பக்கத்தில் நான் ‘நாற்பதாம் பக்கம் வரை’ என்று போடுவேன். பாதியில் தூங்கிய படத்துக்கு ‘பாதி’. அவர்கள் அதை என் விசித்திரம் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

கார்மென்ட் பஸ் இன்னும் எங்கள் ஒழுங்கைக்கு வருகிறது. ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் காலையில் பார்த்தேன். ஏறிய பெண்கள் எல்லோருடைய கையிலும் போன், காதில் வயர். முந்தினநாள் தவறவிட்டதை அவரவர் தாங்களே பார்த்துக்கொண்டு போனார்கள். சாரதியை மெதுவாக விடச்சொல்ல யாருக்கும் தேவையில்லை.

முதுகு நோவால் அம்மா வேலையை விட்டுச் சில வருடங்களாகிவிட்டன. அவரிடமும் போன் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது, “இப்ப என்ன பாக்கிறாய்?” என்று கேட்டார். எங்கள் மாவட்டத்துப் பூநகரி மாதிரியே ஒரு கடற்கரையில் நடக்கும் படம் ஒன்றைப் பார்த்திருந்தேன், முழுதாக. ஒரு சொல் விடாமல் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. “அதிலை ஒரு மனுசி அம்மா, அவா தனிய…” என்று தொடங்கினேன்.

“சொல்லாதை பிள்ளை,” என்றார். “பேரை மட்டும் அனுப்பு. நான் பாக்கிறன்.”

எங்கள் அலுவலகக் குழுவிலும் யாராவது கதையைச் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் இதைத்தான் எழுதுவார்கள். பார்க்கும்போது சுவை கெட்டுவிடக் கூடாது அல்லவா. அம்மாவும் அதற்காகத்தான் சொன்னார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பெயரை அனுப்பினேன்.