முழங்கை தேய்ந்த கோட்டு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு போர்வையை மடித்தது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து நடுவில் சேர்த்தார்கள்.

"இன்ஜினீயரம்மா, முனைக்கு முனை சேரணும். பாலம் கட்டறவ போர்வையக் கோணலா மடிச்சா ஊர் சிரிக்கும்."

அப்பாவுடையது சலவைக் கடை. பெயரும் பலகையும் கம்பெனியுடையவை. வியர்வை மட்டும் சொந்தம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கம்பெனி தாள்களை அனுப்பியிருந்தது. அடுத்த தெருவில் இன்னொரு கிளை வரப்போவதாகவும் பேச்சு அடிபட்டது. வந்தால் இந்தக் கடைக்குப் பூட்டுதான். நல்ல வக்கீல் வேண்டும்.

மகள் பிடித்த வக்கீல் தாள்களைப் புரட்டக்கூட இல்லை. "வழக்கமான ஒப்பந்தம்தான். கையெழுத்துப் போடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "அவர் கோட்டப் பாத்தியா? முழங்கை புத்தம்புதுசு. மேசையில கைய ஊனிப் படிக்கிற ஆளே இல்ல."

"கோட்டப் பாத்தாப்பா வக்கீல் புடிப்பாங்க?"

"நான் என்ன முகத்தையா துவைக்கிறேன்? எனக்குத் துணிதானே தெரியும்."

அவர் பிடித்தது கடைக்கு வாடிக்கையாக வரும் இளம் வக்கீலம்மாவை. அவருடைய கோட்டில் இரண்டு முழங்கையும் நூல் நூலாகத் தேய்ந்திருந்தன. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, பழைய ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் வரி விடாமல் படித்தார்.

"ஐயா, உங்க எல்லைக்குள்ள வேற கிளை வரக்கூடாதுன்னு பழசுல இருக்கு. புதுசுல சத்தமில்லாம தூக்கிட்டாங்க."

வக்கீலம்மா எழுதிக் கேட்டதும் கம்பெனி இறங்கி வந்தது. எல்லை விதி ஒப்பந்தத்தில் திரும்ப ஏறியது. அடுத்த தெருக் கிளை கைவிடப்பட்டது. கையெழுத்துப் போட்ட அன்று அப்பாவைப் பிடிக்க முடியவில்லை.

"பாத்தியா? அந்த முழங்கை படிச்ச முழங்கை!"

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "ஐயா, இது என் சீனியர் குடுத்த கோட்டு. தேய்ச்சதெல்லாம் அவருதான்."

மகள் துண்டுக் குவியலில் முகம் புதைத்துக் குலுங்கினாள். அப்பா அசடு வழிந்தார்.

"சரி, கழட்டிக் குடுங்க வக்கீலம்மா. ஒட்டுப் போட்டுத் தர்றேன். வியாழக்கிழமை வாங்கிக்கலாம்."

அன்று சாயங்காலம்தான் அந்தப் போர்வை. மறுநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

காரியங்கள் முடிந்து மகள் கடையைத் திறந்தாள். கோட்டு கொக்கியில் தொங்கியது. ஒரு முழங்கையில் ஒட்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, முனைக்கு முனை. மறு முழங்கையில் வெட்டிவைத்த கறுப்புத் துணி, அதில் நூல் கோத்தபடியே ஊசி.