எரிந்த லாரியும் உப்புத் தண்ணீரும்: ஆரணியிலிருந்து ஆரம்பாக்கம் வரை

தீயில் மாட்டிய பழைய வண்டிகளை வாங்கிப் புதுப்பிக்கும் பித்து சில நண்பர்களுக்கு உண்டு. எதைப் பார்த்து வாங்குவது என்று என்னைக் கேட்பார்கள். அதற்கு நான் படித்த ஒரே பள்ளிக்கூடம் கும்மிடிப்பூண்டியில், 1972 மே மாதம், மூன்றே நாள். அந்தப் பயணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, படித்துவிட்டுப் பெருமூச்சு விடாதீர்கள்.

போன காரணம் என் அக்கா. ஆரணியில் அவளுக்கு ஒரு மூக்கு லாரி இருந்தது, எஞ்சின் மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுக் கம்பெனி, மரக் கேபின், பித்தளை ஹாரன். அத்தானுக்கு மாடுகள்தான் உயிர், லாரிச் சத்தமே ஆகாது. ஆகவே முதலாளி அக்காதான். டிரைவர் துரைக்கண்ணு ஒன்பது வருடமாக அதை ஓட்டிவந்தார். ஆரம்பாக்கம் பக்கத்தில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வரும்போது, தாழத் தொங்கிய மின்கம்பியில் பாரம் உரசித் தீப்பிடித்துவிட்டது. கையில் கட்டோடு ஊர் திரும்பியவர், எஞ்சின்வரை எரிந்துபோனதாகச் சொன்னார். ஊர் வாய் சும்மா இருக்குமா? கம்பியும் இல்லை, ஒன்றும் இல்லை, பீடிதான் என்றது.

அக்கா என்னைக் கூப்பிட்டு இரண்டு வேலை கொடுத்தாள். வண்டி தேறுமா என்று பார்க்க வேண்டும், துரைக்கண்ணு சொல்வது நிஜமா என்றும் பார்க்க வேண்டும். தப்பு அவர் பேரில் என்றால் இனி அவர் கையில் சாவி கிடையாது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு மே மாதத்தில் வேறென்ன வேலை? கிளம்பினேன், துரைக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு.

காலை 5.30க்கு ஆரணியில் பஸ். காஞ்சிபுரத்தில் மாறி, 10.15க்குத் திருவள்ளூர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து ரூபாய் இருபது பைசா. அங்கே மணவாள நகரில் ஒரு கடையில் நாஷ்டா சாப்பிட்டோம். இட்லி கல்லு மாதிரி, வடகறி பிரமாதம். பதினொன்றுக்கு ஊத்துக்கோட்டை பஸ், அங்கிருந்து இன்னொன்று. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 55 கிலோமீட்டர், அதைக் கடக்க மூன்றரை மணி நேரம். வழியெல்லாம் பனைமரம், ஏரி, வரப்பு. கும்மிடிப்பூண்டி நெருங்க நெருங்க வயல் நடுவே புதுச் செங்கல் புகைபோக்கிகள். ஒரு பக்கம் ஏர், மறுபக்கம் வார்ப்படப் பட்டறை.

ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் கன்னியப்பன் மேஸ்திரியின் ஷெட். எரிந்த வண்டி எங்கே கிடந்தாலும் இழுத்துவந்து உயிர் கொடுப்பது அவர் தொழில். எங்கள் லாரியை ஊர்க்காரர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அங்கிருந்து மேஸ்திரி கட்டி இழுத்துவந்திருந்தார். ஷெட்டில் ஒரு டாக்டரின் கார், கூரை தொய்ந்து நின்றது. அதன் பக்கத்தில் எங்களுடையது. கேபின் இல்லை, பின்பக்கப் பலகை ஒன்றுகூட இல்லை. முன் கண்ணாடி ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி வழிந்து கிடந்தது. துரைக்கண்ணு கிட்டவே வரவில்லை.

மேஸ்திரி ஸ்பானரைத் தொடவில்லை, முதலில் வண்டியைச் சுற்றி நடந்தார். தீ எங்கே ஆரம்பித்தது, எதுவரை வந்தது, எங்கே களைத்து நின்றது என்று வண்டியே சொல்லுமாம். எது உருகியிருக்கிறது, எது உருகவில்லை என்று பார்த்தால் போதும். அடிச்சட்டமான சேசிஸின் முன்முனைக்கும் பின்முனைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டினார். பின்பக்கம் ஒரு விரல் தணிந்திருந்தது, நிமிர்த்திவிடலாம் என்றார். பின் ஸ்பிரிங் பட்டையில் அரத்தை வைத்துத் தேய்த்தார். நல்ல பட்டை என்றால் அரம் வழுக்க வேண்டும், இது வெண்ணெய் மாதிரி சீவிக்கொண்டு வந்தது. சூட்டில் முறுக்கு போய்விட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். நானும் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். பாடம் நடத்துகிறவனுக்குப் பாடம் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

பிறகு பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டரின் ஈய ஒட்டுகளை விரலால் தடவி, ஃபேன் பெல்ட்டை இழுத்துப் பார்த்து, என் பக்கம் திரும்பினார்.

"எஞ்சினு எரிஞ்சிபோச்சின்னு யாரு சார் சொன்னது? ஈயப் பத்து அப்படியே கீது. ரப்பர் பெல்ட்டு கூட வாடல. நெருப்பு இந்தாண்ட வரவே இல்ல."

ஆனால் எஞ்சினைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை, பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. எரியாத எஞ்சின் ஏன் இறுக வேண்டும்? மேஸ்திரி கீழே படுத்து ஆயில் தொட்டியின் மரையைக் கழற்றினார். முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர். அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு," என்றார்.

தொட்டியையே கழற்றியபோது ஐந்து மணி. உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்து நின்றது. மேஸ்திரி எனக்கு விளக்கினார்: எஞ்சின் உறிஞ்ச வேண்டியது காற்றை, காற்று அமுங்கும். ஓடுகிற எஞ்சினை ஆழத் தண்ணீரில் இறக்கினால் அது தண்ணீரை உறிஞ்சும், தண்ணீர் அமுங்காது, இரும்புதான் வளையும். வண்டியின் பாதியைத் தின்றது தீ, எஞ்சினைத் தின்றது தண்ணீர். இது தெரியாத டிரைவர் உண்டா என்று கேட்டுவிட்டுத் துரைக்கண்ணுவைப் பார்த்தார். துரைக்கண்ணு தரையைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒன்பது வருடம் வீட்டில் ஒருவராக இருந்தவர் அக்காவிடம் பொய் சொல்லியிருக்கிறார். இது பொய் என்றால் பீடியும் நிஜமாக இருக்கலாம் அல்லவா? கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் அறை எடுத்தோம், வாடகை இரண்டு ரூபாய். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் ஆரம்பாக்கம் போய் இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். வேண்டாம் தம்பி, அங்கே என்ன இருக்கிறது என்று அவர் தயங்கியது என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

மறுநாள் 7.40 பாசஞ்சர், ஆரம்பாக்கம் அரைமணிக்குள். ஸ்டேஷனிலிருந்து கிழக்கே வயலுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் நடை. தொப்பி அவசியம், நான் கொண்டுபோகவில்லை. வயல் முடிகிற இடத்தில் பழவேற்காட்டு ஏரியின் விளிம்பு, அதை ஒட்டி மீன்பிடிக்கிறவர்களின் குப்பம். பனையோலைக் குடிசைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல. குப்பத்தின் நுழைவாயிலில் அந்த மின்கம்பி தாழத் தொங்கியது, அதில் கருகிய வைக்கோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பீடிக் கதை அங்கேயே செத்தது.

எங்களைப் பார்த்ததும் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். பெயர் மங்கா. துரைக்கண்ணுவின் கையைப் பிடித்துக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை யார் என்றே கேட்டாள். முதலாளியம்மாவின் தம்பி என்றதும் என்னைக் குடிசைகளின் நடுவே கூட்டிப்போனாள்.

"காத்து இந்தப் பக்கம் அட்சிக்கினு இருந்துச்சி நைனா. இவரு குதிச்சி ஓடியிருந்தா யாரும் கேக்க மாட்டாங்கோ. நெருப்போட தண்ணியாண்ட போனாரு. ஊடு ஒண்ணு கூட போவல."

கரையில் சக்கரத் தடம் இன்னும் இருந்தது. குடிசைகளிலிருந்து ஏறத்தாழ இருநூறு அடி. அந்த இருநூறு அடியும் முதுகுக்குப் பின்னால் பாரம் எரிய எரிய ஓட்டியிருக்கிறார். முந்தின நாள் இவரோடு பேசாமல் இருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஏன் பொய் என்று கேட்டேன்.

"என் வண்டியா இருந்தா பெருமையா சொல்லிக்குவேன் தம்பி," என்றார் துரைக்கண்ணு. "அது அம்மாவோட வண்டி. எறக்கினா எஞ்சின் போயிடும்னு தெரிஞ்சிதான் எறக்கினேன். இன்னொருத்தர் பொருளை எடுத்துத் தர்மம் பண்ணேன்னு எந்த வாயால சொல்றது?"

கிளம்பும்போது மங்கா உள்ளே போய் எங்கள் வண்டியின் பித்தளை ஹாரனைக் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீருக்குள் மூழ்கித் தேடி எடுத்ததாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

திரும்பும்போது ரயிலில் மீஞ்சூர் வழியாக மதராஸ், அங்கிருந்து பஸ். மூன்றாம் நாள் மதியம் ஆரணி. அக்காவிடம் அரம், நூல், உப்பு, இருநூறு அடி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். துரைக்கண்ணு வாசலிலேயே நின்றார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை வீடு?"

பதினேழு என்றேன். ஹாரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னாள்:

"பொய் சொன்னதுக்கு உன்னைத் திட்டணும் துரைக்கண்ணு. உள்ள வந்து சாப்பிடு, அப்புறம் திட்டுறேன். அந்த மேஸ்திரி எத்தனை நாள்ல வண்டி தரேன்னான்?"

ஐந்து மாதம் ஆனது. புது ராடு, புது ஸ்பிரிங், வேப்பமரக் கேபின், பழைய ஹாரன். ஓட்டிவந்தது துரைக்கண்ணு. அக்கா போட்ட ஒரே நிபந்தனை, வைக்கோல் ஏற்றக்கூடாது.

வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: பையில் ஒரு அரமும் ஒரு நூல்கண்டும் வையுங்கள். கருகிய பெயின்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ரேடியேட்டரின் ஈயத்தையும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள். ஆயில் தொட்டியைத் திறக்காமல் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். தீயை எப்படி அணைத்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள், யார் அணைத்தார்கள் என்றும்.

ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு: இப்போது கும்மிடிப்பூண்டியைத் தாண்டியும் மின்ரயில் இருக்கிறது. ஆரம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள், தண்ணீரும் தொப்பியும் வேண்டும். போன வருடம் நான் போனபோது, ஏரிக்கரையில் எங்கே இறங்கணும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பழைய மீன்பிடிக் குப்பம் என்று இழுத்தேன்.

"லாரித்துறையா சார்? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றார். எல்லாப் படகையும் அங்கேதான் கட்டுவார்களாம். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.